இரண்டு வீடு, இரண்டு அலமாரி

மாக்சின் அஸ்கியூவுக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் கிரீம் பிஸ்கட் அடியோடு வெறுத்துப்போனது. சர்க்கரை நோய் ஒன்றும் இல்லை. எட்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் அதைத் தின்கிற வாய்களைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் மீன் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு மெதடிஸ்ட் சபைக் கூடத்தின் மாடியறையில் அவள் வகுப்பு நடக்கும். பிரிந்துபோன தாயும் தகப்பனும் பிள்ளை யாருக்கு எத்தனை நாள் என்று குடும்ப நீதிமன்றத்தில் போய் நின்றால், நீதிபதி முதலில் அங்கேதான் அனுப்புவார். நாலு மணி நேரம் உட்கார்ந்து, பிரிந்தபிறகும் பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு, சான்றிதழோடு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம் என்பார்.

அந்தச் சான்றிதழில் 'வந்திருந்தார்' என்று மட்டும்தான் போட்டிருக்கும். 'திருந்தினார்' என்று போட இடமே கிடையாது. அது தெரிந்துதான் வருவார்கள். வந்து உட்கார்ந்து, கைபேசியை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் அழுவார்கள். அழுது முடித்த கையோடு அந்தக் கை பிஸ்கட் தட்டை நோக்கிப் போகும். ஒரு கண்ணில் நீர் வடிய, இன்னொரு கண்ணால் எந்த பிஸ்கட் உடையாமல் இருக்கிறது என்று பார்ப்பவர்களை மாக்சின் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் ஓநாய்கூட அழுதுவிட்டு பிஸ்கட் கேட்டிருக்காது.

அவள் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் மீன் துண்டு பொட்டலம் கட்டுகிற ஆலையில் பன்னிரண்டு வருஷம் நின்றாள். பிறகு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறினாள். எந்தப் பிள்ளை தட்டைத் தொடவில்லை, எது இரண்டு பேர் சாப்பாட்டைத் தின்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டின் சங்கதி தெரிந்துவிடும். அந்தக் கண் அவளுக்கு இருந்ததைப் பார்த்த யாரோதான் இந்த வேலைக்குப் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள்.

அவளும் பிரிந்தவள்தான். தொண்ணூற்றாறில். மகன் கேவினுக்கு அப்போது எட்டு வயது. பிறந்தநாளுக்கு அவன் அப்பா ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். மாக்சின் அதைத் தூக்கித் தன் அண்ணனின் வேனில் போட்டு, அந்த அப்பன் வீட்டு வாசலுக்கே திருப்பி அனுப்பினாள். கேவின் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது முப்பத்தொரு வயதில் லீட்ஸில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வான். அவனுக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. வகுப்பில் யாரைப் பார்த்து அவளுக்குக் குமட்டினாலும், அந்தக் குமட்டலின் அடியில் ஒரு சிவப்பு சைக்கிள் கிடக்கும்.

அந்த சைக்கிளிலிருந்து பிறந்ததுதான் மஞ்சள் தாள். வகுப்பு முடிவில் எல்லோருக்கும் கொடுக்கிற தாள். வகுப்பை நடத்துகிற அமைப்பு கொடுத்த பாடத்தில் இல்லாத ஒரு வரியை மாக்சின் தானே எழுதிச் சேர்த்தாள்: 'இரண்டு வீடு, இரண்டு அலமாரி.' பிள்ளை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்துபோகக் கூடாது, இரு வீட்டிலும் அதற்கென்று துணியும் செருப்பும் பல் துலக்கியும் இருக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். லிங்கன் நகரத்தில் இருந்த மேலாளர் பிலிப்பாவுக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போய், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். எட்டு வருஷத்தில் மாக்சின் பெருமைப்பட்டது அந்த ஒரு வரிக்குத்தான்.

வகுப்புக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பிரிந்த இருவரை ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் காதுக்குக் கொண்டுபோகவும் கூடாது. கொண்டுபோனால் அன்றோடு வேலை போய்விடும்.

அந்த வருஷம் நவம்பர் முதல் சனிக்கிழமை ஷேன் பர்கெஸ் வந்தான். குளிர்பதனக் கிடங்கில் வண்டி ஓட்டுபவன். முப்பத்திரண்டு வயது, நல்ல உடம்பு, கழுத்தில் மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்தான்: ஐவி. உட்கார்ந்ததும் அந்தக் கழுத்தைத்தான் எல்லோருக்கும் காட்டினான்.

"ஏழு வயசுப் புள்ள. குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்குது. அவங்கம்மாவுக்குத் துணிதான் முக்கியம். நான் வாங்கிக் குடுத்த கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனா திரும்பி வராது. போன வருஷம் ஒரு ஜோடி பூட்ஸு போச்சு. போனது போனதுதான். எனக்குத் துணி பெருசில்ல, சத்தியமா. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப புள்ள எதைப் போட்டுக்கிட்டுப் போகுது?" என்று கேட்டாள் மாக்சின்.

"அவங்கம்மா கொண்டாரட்டும்." அழுதான். தட்டுக்குக் கை போனது. மஞ்சள் தாளை வாங்கி, அந்த வரியை வாய்விட்டுப் படித்து, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டான். "ரெண்டு வீடு, ரெண்டு அலமாரி. டீச்சரம்மா, இதத்தான் நான் இத்தன நாளா கத்திக்கிட்டிருக்கேன்!"

மாக்சினுக்கு அப்போதே குரங்கு கையில் பூமாலை கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் மணி நாலாகிவிட்டது, நாற்காலிகளை அடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து கர்ஸ்டி வந்தாள். பல் வைத்தியரிடம் வரவேற்பறையில் இருப்பவள். நகம் திருத்தி, மூக்கைச் சிந்தக்கூட மடித்த கைக்குட்டையோடு வந்திருந்தாள். பெயர்ப் பட்டியலில் பார்க்கும்போதே இவள் ஷேனின் பழைய மனைவி என்று மாக்சினுக்குத் தெரியும்.

"ஏழு வயசுக் குழந்தை," என்று ஆரம்பித்தாள். "குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்குது. அந்த ஆளுக்குத் துணிதான் முக்கியம். நான் வாங்கின கம்பளி ஜம்பரப் போட்டு அனுப்பினா அது அவன் கூட இருக்கிறவளோட புள்ளைக்குப் போயிடுது. எனக்குத் துணி பெருசில்ல மாக்சின். ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, இல்லையா?"

வார்த்தை மாறாமல் அதே பேச்சு. மூக்கு சிந்திய இடம்கூட அதேதான். பத்து வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்களுக்கு, வெறுப்பது எப்படி என்பதுகூட ஒரே மாதிரி படிந்துவிட்டிருந்தது. மாக்சினின் நாக்கு நுனிவரை வந்தது: அம்மா, இதையே உன் ஆளும் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். விதி வாயைக் கட்டியது. கர்ஸ்டி மஞ்சள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிஸ்கட்டைத் தொடவில்லை. பரவாயில்லையே என்று நினைத்த மாக்சின், கர்ஸ்டி உட்கார்ந்த நாற்காலியை மடக்கும்போது கீழே பார்த்தாள். கடித்த பிஸ்கட் ஒன்று நாற்காலிக் காலோரம் மிதிபட்டுக் கிடந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஹம்பர் நதியிலிருந்து வருகிற காற்று எலும்பைத் தேடிப் பிடிக்கிற நாள். மணி நாலு ஆகவில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மாக்சின் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் பூனைக்கு நாலு டப்பா தீனியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தின் கோடியில், தள்ளுவண்டிகள் அடுக்கிய கூண்டுக்குப் பக்கத்தில், இரண்டு கார்கள் நின்றன. நடுவில் ஒரு கார் நிற்கிற இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு அங்கே அப்படி நிற்கிற கார்கள் எல்லாமே பிள்ளையைக் கைமாற்றுகிறவர்களுடையவைதான். ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு காரிலிருந்து ஷேன் இறங்கிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான், படம் எடுக்க. எதிர்க் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து கர்ஸ்டியும் கைபேசியை நீட்டினாள். ஷேனின் காரில் பின்சீட்டில் ஏதோ அசைந்தது. ஒரு கோட்டு கழன்றது. ஒரு ஜம்பர், பிறகு பூட்ஸ். கதவு திறந்தது.

ஐவி இறங்கியது. மேலே கையில்லாத பனியன், கீழே காலோடு ஒட்டிய கம்பளிக் காலுறை. செருப்பு இல்லை. கைகள் இரண்டையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு, அந்தக் காலி இடத்தைக் கடக்க ஆரம்பித்தது. ஓடவில்லை. ஓடினால் ஈரத் தரையில் வழுக்கும் என்று எப்போதோ தெரிந்துகொண்ட நடை. எதிர்க் காரின் பின்சீட்டில் அம்மா வீட்டு கோட்டும் ஜம்பரும் மடித்துத் தயாராக இருந்தன. ஆனால் கர்ஸ்டி அவன் பக்கம் அடியெடுத்து வைக்க மாட்டாள், அவன் அவள் பக்கம் வர மாட்டான். பத்து அடி. பிள்ளை நடந்துதான் போக வேண்டும்.

மாக்சினின் பை கீழே விழுந்தது. ஒரு டப்பா உருண்டு காருக்கடியில் போனது. எப்போது கோட்டைக் கழற்றினாள், எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால்வரை வருகிற பழைய பச்சைக் கோட்டு. அதில் பிள்ளையை அப்படியே சுருட்டினாள். காலிலிருந்து ஈரம் சொட்டியது.

ஐவி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது. பயப்படவில்லை. வேலை நடுவில் புதிதாக ஒரு சிக்கல் வந்ததைப் போலப் புருவத்தைச் சுருக்கியது.

"இது எந்த வீட்டுக் கோட்டு?"

"என் வீட்டுதுடா கண்ணு."

"அப்ப நான் இத எங்க கழட்டணும்?"

மாக்சினுக்கு வந்தது அழுகை இல்லை. அசல் குமட்டல், பித்தத்தின் கசப்போடு.

"டீச்சரம்மா!" ஷேன் சிரித்தே விட்டான். கைபேசியை இறக்கவில்லை. "நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு வீடு, ரெண்டு அலமாரி. பாருங்க, தாள் போட்டோகூட இதுல இருக்கு. நான் பாடத்தத்தான் செய்யறேன்."

"அவளத் தொடாதீங்க மாக்சின்," என்றாள் கர்ஸ்டி, ஜன்னல் வழியாக. "ரெக்கார்ட் ஆகுது. அவன் புள்ளைய எப்படி அனுப்பறான்னு ஜட்ஜு பாக்கட்டும்."

"நான் எப்படி அனுப்பறனா? துணி கொண்டாந்து மாட்ட உனக்குக் கால் இல்லியா?"

"என் கால் உன் கார்ப் பக்கம் வராது!"

"வாய மூடுங்க, ரெண்டு பேரும்!" மாக்சின் போட்ட சத்தத்தில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு கிழவர் நின்றுவிட்டார். "ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து, ஒரே நாற்காலில உக்காந்து, ஒரே கதையச் சொல்லி அழுதீங்க. குளிர்ல நடுங்குதுன்னு நீயும் சொன்ன, நீயும் சொன்ன. எனக்குத் துணி பெருசில்ல, கொள்கைன்னு ஒண்ணு இருக்குன்னு அதே வார்த்தை! ஒரு எழுத்து மாறல! வெக்கமா இல்ல? உரிச்ச கோழி மாதிரி புள்ளைய நடக்கவிட்டு ரெண்டு பேரும் படம் பிடிக்கிறீங்களே! ஒங்களப் பாத்தா வாந்தி வருது எனக்கு. என் வாயால அந்த வரியச் சொன்னதுக்கு என் நாக்க அறுத்துப் போடணும்."

சொல்லி முடித்ததும் ஷேன் கர்ஸ்டியைப் பார்த்தான். கர்ஸ்டி ஷேனைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் கைபேசி வழியாக இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அவ அங்க வந்து என்ன சொன்னான்னு நீங்க எங்கிட்ட சொல்லலாமா?" என்று மெதுவாகக் கேட்டான் ஷேன்.

"சொல்லக் கூடாது," என்றாள் கர்ஸ்டி. "விதி இருக்கு."

கர்ஸ்டி இறங்கினாள். பத்து அடியையும் நடந்தே வந்தாள். வந்து, மாக்சினின் கோட்டைப் பிள்ளைமேலிருந்து உரித்து, விரல் நுனியால் தூக்கி, கூண்டுக் கம்பியில் போட்டாள். ஐவியைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கார்களும் கிளம்பின. மாக்சின் குனிந்து பூனை டப்பாக்களைப் பொறுக்கினாள். ஒன்று கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டை மாட்டும்போது, அதன் கைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஊதாக் கையுறை விழுந்தது. பிள்ளை முஷ்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது அதுதான். ஒற்றைக் கையுறை, கட்டைவிரலில் ஒரு தையல் விட்டிருந்தது.

பத்து நாள் கழித்து பிலிப்பா லிங்கனிலிருந்து நேரிலேயே வந்தாள். சபைக் கூடத்து மாடியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிலிப்பா ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து எழுதியிருக்காங்க மாக்சின். சேந்து! கீழ ரெண்டு கையெழுத்து."

மாக்சின் படித்தாள். வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்த முறையிலேயே எழுதியிருந்தார்கள். திட்டாதீர்கள், குற்றம் சாட்டாதீர்கள், நடந்ததைச் சொல்லி உங்கள் மனதைச் சொல்லுங்கள் என்று எத்தனை சனிக்கிழமை கத்தியிருப்பாள்! 'நீங்கள் எங்களிடம் குரல் உயர்த்தியபோது, நாங்கள் இருவரும் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தோம். நாங்கள் இருவரும் தனித்தனியே நம்பிச் சொன்னவை வெளியிடப்பட்டபோது, நாங்கள் இருவரும் காயப்பட்டோம்.' வரிக்கு வரி நாங்கள் இருவரும், நாங்கள் இருவரும். அந்த இரண்டு சொல்லைப் பெற்றோர் வாயிலிருந்து வரவழைக்கத்தான் அந்த வகுப்பே. நாலு மணி நேரம் தொண்டை வற்றக் கத்தியும் ஒருவர் வாயிலிருந்தும் அது வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது, அவள் வேலையைப் பறிக்க.

கடைசிப் பத்தி வேறு மாதிரி இருந்தது. 'இனி வெளியார் எவரும் எங்கள் மகளின் விஷயத்தில் தலையிட இடம் கொடாதபடி, ஐவி இரு வீட்டுக்கும் ஒரே கோட்டையும் ஒரே பூட்ஸையும் அணிந்து வருவாள் என நாங்கள் இருவரும் முடிவெடுத்துள்ளோம்.'

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல," என்றாள் பிலிப்பா. "மனுஷியா நீ செஞ்சது சரி. ஆனா வீடியோ இருக்கு. விதி விதிதான். என்னால உன்ன வெச்சிருக்க முடியாது." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, பேனாவால் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள்.

"அது என்ன?"

பிலிப்பா கொஞ்சம் நெளிந்தாள். "பலன் படிவம். 'பெற்றோர் பேசிச் சேர்ந்து முடிவெடுத்தனர்.' எடுத்திருக்காங்கல்ல? போன ஒரு வருஷத்துல நமக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு."

மாக்சின் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமானது. பிலிப்பா பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினாள், வேறென்ன செய்வதென்று தெரியாமல். மாக்சின் தட்டை அப்படியே எடுத்துப்போய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"கோட்டு சரி, பூட்ஸ் சரி," என்றாள். "கையுறை?"

"என்ன கையுறை?"

மாக்சின் கடிதத்தை இன்னொரு முறை பார்த்தாள். கையுறை என்ற சொல்லே அதில் இல்லை.

அந்த ஊதாக் கையுறையை அவள் பத்து நாளாக வீட்டு மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி அனுப்பலாம். எந்த வீட்டுக்கு? ஷேன் வாங்கியதாக இருந்து கர்ஸ்டிக்கு அனுப்பினால், திருடிவிட்டாள் என்பான். கர்ஸ்டி வாங்கியதாக இருந்து ஷேனுக்கு அனுப்பினால், இன்னும் ஒரு வீடியோ, இன்னும் ஒரு வழக்கு. நடுவில் நிற்கிற பிள்ளையைத்தான் இருவரும் கேட்பார்கள், இதை எங்கே போட்டாய் என்று. ஒரு கையுறையைக் கொடுக்க வழியில்லாத அளவுக்கு இரண்டு வளர்ந்த மனிதர்கள் உலகத்தை நாசமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஊரில் தெருவில் ஒரு கையுறை கிடந்தால் யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், மிதிக்கவும் மாட்டார்கள். பக்கத்து வேலிக் கம்பியின் முனையில் மாட்டிவைப்பார்கள், தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. அடுத்த ஞாயிறு மூன்றரை மணிக்கு மாக்சின் போய், தள்ளுவண்டிக் கூண்டை ஒட்டிய வேலியில், ஏழு வயதுக் கைக்கு எட்டுகிற ஒரு கம்பியைத் தேடிப் பிடித்து, ஊதாக் கையுறையை மாட்டினாள். ஐந்து விரலும் விரிந்து நின்றன. பிறகு தன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு கார்களும் வந்தன. இந்த முறை பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஐவி புது மஞ்சள் கோட்டோடும் பூட்ஸோடும் இறங்கியது. ஷேனும் கர்ஸ்டியும் ஏதோ பேசினார்கள். ஆளுக்கொரு கைபேசியை எடுத்து எதையோ ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வழக்குத் தேதியாக இருக்கலாம். இரண்டு தலையும் குனிந்திருந்தன.

ஐவி வேலியைப் பார்த்தது. கையுறையைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. பூட்ஸை சரிசெய்கிறாற்போல ஓரமாக நகர்ந்தது. சட்டென்று கையை நீட்டிக் கையுறையை உருவியது. கையில் மாட்டவில்லை. கோட்டுப் பையில் போடவில்லை, கோட்டு இரு வீட்டுக்கும் சொந்தம். குனிந்து, பூட்ஸுக்குள், காலுக்கும் காலுறைக்கும் நடுவில் ஆழமாகத் திணித்துவிட்டு நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காத முகத்தோடு நின்றது.

தன் கையுறையைத் தானே திருடிக்கொண்டு அம்மா காரில் ஏறிப் போனது அந்தப் பிள்ளை.